சல்லடை: நிற்பதும் விழுவதும்

முன்னுரை

அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கும் சல்லடையை எவரும் நின்று நோக்குவதில்லை. மாவு சலிக்கும் வேளையில் அது கைக்கு வருகிறது. வேலை முடிந்ததும் தட்டித் துடைத்து மீண்டும் ஆணியில் மாட்டப்படுகிறது. ஆயினும் இவ்வெளிய கருவி தமிழ்ச் சொல்வளத்திலும், இலக்கண நூலின் பாயிரத்திலும், பாண்டி நாட்டு முத்து வாணிகத்திலும், இஸ்லாமிய மார்க்கக் கல்வியிலும் தனக்கென ஓர் இடம் பெற்றிருக்கிறது. பொருநை பாயும் இந்நிலத்தில் பிறந்து, தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சல்லடை சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

சொல்லும் பொருளும்

சலித்தற்குரிய கருவி சல்லடை. தெலுங்கர் இதனை ‘ஜல்லெட’ என்றும் கன்னடர் ‘ஜரடி’ என்றும் வழங்குவர். மலையாளத்தில் ‘அரிப்ப’ என்பது இதன் பெயர். நமக்கு அண்டையிலுள்ள குமரி மாவட்டத்தாரும் ‘அரிப்பு’ என்றே கூறுவர். அரித்தல் என்பதும் பிரித்தெடுத்தலே. கல் நீங்க அரிசி அரிக்கிறோம். எண்ணெய் வடியப் பலகாரத்தை அரிகரண்டியால் எடுக்கிறோம். (சல்லடம் என்னும் சொல் வேறு, அது மல்லர் முதலியோர் அணியும் குறுங்காற்சட்டையைக் குறிப்பது. ஒலி ஒப்புமை கண்டு மயங்குதல் கூடாது.)

சலித்தல் என்னும் சொல் இருபொருள் தருவதாகத் தோன்றும். மாவைச் சலிக்கிறோம், வாழ்விலும் சலித்துப் போகிறோம். இவை இரண்டும் ஒரு சொல் அல்ல. மனம் சலித்தல் அசைவைக் குறிக்கும் வடமொழியடியிலிருந்து வந்தது என்றும், மாவு சலித்தல் திராவிட மொழிகளுக்குரிய தனிச்சொல் என்றும் பிரித்துக் காட்டுவது அகராதி மரபு. உருவம் ஒன்றாய் நிற்கும் சொற்களை இவ்வாறு வேறு பிரித்தலும் ஒருவகைச் சலித்தலே. அவ்வரும்பணியைத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் 1936 வரை ஆற்றிய எஸ். வையாபுரிப் பிள்ளை நெல்லை மண்ணினர் என்பது நமக்குப் பெருமை தருவது.

சல்லடைக்கு மூத்த உடன்பிறப்பு சுளகு. பிற மாவட்டத்தார் முறம் என்பதை நெல்லையார் சுளகு என்பர். சுளகு கொண்டு செய்யும் தொழில்களுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! மேலே எற்றிப் பதரைக் காற்றில் போக்குவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பருமையும் நொய்ம்மையும் வெவ்வேறாகச் செய்வது கொழித்தல். மெல்லென அசைத்துக் கல்லையும் மண்ணையும் ஒதுக்கித் தூய்மை செய்வது தெள்ளுதல். சுளகு எடையையும் காற்றையும் துணைகொண்டு பிரிக்கிறது. சல்லடையோ அளவு ஒன்றையே கொண்டு பிரிக்கிறது. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும், நினைவிற் கொள்க.

இத்தொழிற்பெயர்கள் களத்துமேட்டிலேயே நின்றுவிடவில்லை. தெள்ளுதலோடு உறவுடையது தெளிவு. நன்கு சலித்த மாவு தெள்ளுமா. நன்கு தேர்ந்த மொழி தெள்ளுதமிழ். கொழித்தெடுத்த நல்ல தமிழைக் கொழிதமிழ் என்றனர். மொழியின் தூய்மையைச் சொல்லவும் அறிவின் தெளிவைச் சொல்லவும் நம் முன்னோர் சுளகு பிடித்த பெண்களின் கைத்தொழிலிலிருந்தே சொல் எடுத்தனர் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

இழிவுப் பொருளிலும் சல்லடை பேசப்படுவதுண்டு. ஊசியின் ஒற்றைத் துளையைச் சல்லடை பழித்த கதை பழமொழியாக வழங்குகிறது. தன்னிடம் ஆயிரம் குறை வைத்துக்கொண்டு பிறர் குறை கூறுவோர்க்கு அது சாட்டை. ஆனால் துளைதான் சல்லடையின் குறையா? துளை இல்லையேல் அது வெறுந்தட்டன்றோ?

எது வேண்டும்?

சல்லடை செய்யும் வேலை ஒன்றே. தன் கண்ணினும் சிறியதைக் கீழே விடும். பெரியதை மேலே நிறுத்தும். எது வேண்டும், எது வேண்டா என்பதைச் சல்லடை அறியாது. அதனை அறிவது சலிக்கும் கை.

புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அரிசி இடித்துச் சலிக்கும்போது விழும் மாவே வேண்டியது. மேலே நிற்பது கப்பி. அதனை இல்லத்தார் எறிந்துவிடுவதில்லை. மீண்டும் உரலிலிட்டு இடித்து மீண்டும் சலிப்பர். முதன்முறை கப்பியாய் நின்றது மறுமுறை மாவாய் விழும். இறுதிவரை இடிபடாது நிற்பதும் கஞ்சிக்கு ஆகும்.

அரிசி ஆலையிலோ நிலைமை நேர்மாறு. முழு அரிசி மேலே நிற்க வேண்டும். உடைந்த குருணையும் நொய்யும் கீழே விழ வேண்டும். ஆலைக்காரர்க்கு நொய் விலை குறைந்த சரக்கு. ஆனால் ரமலான் மாதம் வந்துவிட்டால், பள்ளிவாசல் முற்றத்துப் பெருங்கலங்களில் நோன்புக் கஞ்சியாய்க் கொதிப்பது பெரும்பாலும் அந்நொய்யே. சந்தையில் கழிக்கப்பட்டது, பகலெல்லாம் பசித்திருந்தவர் வாயில் முதல் உணவுகளுள் ஒன்றாய்ச் சேர்கிறது.

திருநெல்வேலிக்குப் பெயர் தந்த அல்வாவும் ஒரு வடிகட்டலில்தான் பிறக்கிறது. ஊறிய சம்பாக் கோதுமையை ஆட்டித் துணியில் வடித்துப் பாலை மட்டும் கொள்வர், சக்கை தங்கிவிடும். அங்கே துணியே சல்லடை.

கட்டட வேலையில் சட்டத்தில் அடித்த கம்பி வலையைச் சாய்த்து நிறுத்தி மணலை வீசுவர். பூச்சுக்கு வேண்டிய நயமான மணல் வலையினூடே போய்விடும். சரளைக் கல் சரிந்து முன்னே விழும். மண்ணியல் ஆய்வுக் கூடத்தில் சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் குலுக்குவர். 4.75 மில்லிமீட்டர் கண்ணில் நிற்பது சரளை. அதனூடே விழுந்து 0.075 மில்லிமீட்டர் கண்ணில் நிற்பது மணல். அதனையும் கடப்பது வண்டலும் களியும். இங்கே வேண்டாதது என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் இன்னது என்று அறிவதே நோக்கம்.

தொல்லியலாரும் சல்லடையின்றி இயங்கார். குழியிலிருந்து எடுத்த மண்ணைச் சலித்தே சிறு மணிகளையும் எலும்புத் துண்டுகளையும் கண்டெடுப்பர். நம் ஆற்றங்கரை ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்த அலெக்சாந்தர் ரீ, தாழிகளில் நெல்லுமியும் சிறுதானிய உமியும் இருந்தமையைக் குறித்துள்ளார். சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. ஒருகாலத்தில் புடைத்து ஒதுக்கிய உமி, பின்வந்தோர்க்கு வரலாற்றுச் சான்றாயிற்று! ஒரு காலத்தின் பதர் மற்றொரு காலத்தின் மணி.

நன்னூல் காட்டும் நெய்யரி

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரம், மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு. நெய்யரி என்பதற்குப் பன்னாடை என்று உரை கூறுவர். பனை, தெங்கு ஆகியவற்றின் மட்டையடியில் வலைபோல் பின்னிக்கிடக்கும் நாரே பன்னாடை. அதில் நெய்யை வார்த்தால் நெய் ஒழுகிவிடும், கசடு தங்கிவிடும். நல்லதை விட்டு அல்லதைப் பற்றும் மாணாக்கனுக்கு இஃது உவமையாயிற்று.

இந்நூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலியார். ஊற்றுமலை மருதப்பத் தேவர் வேண்ட அவ்வுரையை எழுதினார். அதனைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவரோ பொருநைக் கரையின் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். ஆகவே நன்னூல் ஒருவகையில் நம் வீட்டு நூலே. அதனால்தானோ என்னவோ, நெல்லைச் சீமையில் ‘பன்னாடை’ என்பது வசைச்சொல்லாகத் தெருவரை இறங்கிவிட்டது.

யாமும் அவ்வசையைக் கூறியவரே. சில ஆண்டுகளுக்கு முன், மீண்டும் மீண்டும் விளக்கியும் புணர்ச்சி விதி ஒன்றைப் பிழையாகவே எழுதிவந்த மாணவன் ஒருவனை, நன்னூல் பாயிரம் நடத்திக்கொண்டிருந்த வேளையில் சுட்டிக்காட்டி, “இதோ நம் வகுப்பின் நெய்யரி” என்றோம். வகுப்பு சிரித்தது. அவன் தேரிக்காட்டுப் பக்கத்தவன், பனையேறும் குடும்பம், அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சிரிப்பு அடங்கியபின் எழுந்து நின்று, “சார், பன்னாடையிலே வடிக்காட்டா பதநீர்ல ஈயும் எறும்பும்லா கெடக்கும்?” என்றான். குரலில் சினம் இல்லை. தெரிந்ததைச் சொல்பவன் போலச் சொல்லிவிட்டு அமர்ந்தான்.

விடை கூற எம்மால் இயலவில்லை. அவன் சொன்னது உண்மை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைப் பன்னாடையில் வடித்தே பருகவும் காய்ச்சவும் கொள்வர். அங்கே பன்னாடை தன்னிடம் நிறுத்திக்கொள்வது அழுக்கை. பிறர்க்குத் தருவது அமுதை. நன்னூலார் உவமித்த பொருளும் அதுவே, செயலும் அதுவே. நெய்யை இழந்து கசடைப் பற்றியது என்று நாம் காண்பதை, கசடைத் தான் ஏற்று நெய்யைத் தந்தது என்று அவன் கண்டான்.

அன்றிரவு நன்னூலை மீண்டும் புரட்டினோம். ஒன்று புலப்பட்டது. தலைமாணாக்கர்க்கு உவமையாகிய அன்னமும் பாலையும் நீரையும் பிரிப்பதாகவே சொல்லப்படுவது. அன்னமும் பிரிக்கிறது, நெய்யரியும் பிரிக்கிறது. அன்னம் இன்னது கொள்ளத்தக்கது என அறிந்து பிரிக்கிறது. நெய்யரி அறியாது பிரிக்கிறது. ஆகவே நன்னூலார் பழிப்பது பன்னாடையை அன்று, அறியாமையை. அறியாமையை நீக்குதற்கன்றோ ஆசிரியர் என ஒருவர் வகுப்பில் நிற்கிறார்?

மற்றொன்றும் புலப்பட்டது. அதே பாயிரம் ஆசிரியர் ஆகாதாரையும் கூறுகிறது. கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவர்க்கு உவமை. மடற்பனை யாது? கருக்கு மட்டை சூழ்ந்து, ஏறிப் பறிக்க எவரையும் அண்டவிடாது, தானே விழும் பழத்தை மட்டும் தரும் பனை. பன்னாடை விளைவதும் பனையில், மடற்பனையும் பனை. மாணவனைப் பன்னாடை என்று சுட்டிய விரல், எம்மை மடற்பனை என்று திருப்பிச் சுட்டியது. மறுநாள் வகுப்பில் அம்மாணவனிடம் எம் பிழையைக் கூறினோம். அவ்விதியையும் வேறொரு வழியில் மீண்டும் தொடங்கினோம். கப்பியை மீண்டும் இடிக்கும் பொறுமை உரல்காரிக்கு உண்டு; நமக்கு ஏன் இல்லாது போயிற்று?

கொற்கைக் கடலின் பத்துச் சல்லடைகள்

பொருநை கடலொடு கலக்கும் பகுதியில் சிறந்திருந்த பாண்டியர் துறைமுகம் கொற்கை. அதன் முத்து உலகறிந்தது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிபுளூஸ் என்னும் கிரேக்க நூலும் அம்முத்துக்குளிப்பைக் குறிக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்க, கொற்கை உள்நாட்டு ஊராயிற்று, காயல் சிறந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயலின் வாணிக வளத்தை வியந்து எழுதினார். பரதவரும் முஸ்லிம்களும் இக்கடலில் மூழ்கி முத்தெடுத்தனர். காயற்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் முத்து வாணிகத்தில் பெயர் பெற்றனர். தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

இம்முத்துகளைத் தரம் பிரித்தது எவ்வாறு? சல்லடையால்தான். மன்னார் வளைகுடா முத்து வாணிகர் பத்துப் பித்தளைச் சல்லடைகளைக் கையாண்டனர் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. பத்தும் ஒரே வடிவின. கண்களின் அளவும் எண்ணிக்கையுமே வேறு. முதற் சல்லடையில் 20 கண்கள். அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என ஏறிப் பத்தாவதில் 1000 கண்கள். முதற் சல்லடையில் நின்றது மிகப் பெரிய முத்து. அதில் நழுவியதை இரண்டாவதில் இடுவர். அதிலும் நழுவியதை மூன்றாவதில். பத்தினும் நில்லாது நழுவியதற்கும் பெயர் உண்டு, அது தூள். தூளும் வீணாவதில்லை, மருத்துவர் முத்துப் பற்பத்துக்கு அது பயன்படும்.

இவ்வளவோடு தரம் முடிந்துவிடவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. சல்லடை அளவை மட்டுமே அறியும். உருட்சியையும் ஒளியையும் அறியாது. ஆதலின் ஒவ்வொரு சல்லடையில் நின்றதையும் துணியில் பரப்பிக் கண்ணால் ஆராய்ந்து, ஆணிமுத்து முதலாக மீண்டும் வகை செய்து, மஞ்சாடியாலும் கழஞ்சாலும் நிறுத்தனர். பெரிய கண்ணில் நின்ற கோணல் முத்தினும், சிறிய கண்ணில் நின்ற ஆணிமுத்து சிறப்புடையதாதல் உண்டு.

வாணிகர்க்கு ஒரு பிடி முத்தைப் பிரிக்கப் பத்துச் சல்லடை வேண்டியிருந்தது. அதன்மேல் கண் வேண்டியிருந்தது. நாமோ நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மூன்று மணி நேரத் தேர்வு என்னும் ஒரே சல்லடையில் இட்டுக் குலுக்குகிறோம். நாற்பது மதிப்பெண் என்பது அதன் கண். நின்றவர் தேறினார், விழுந்தவர் தவறினார். விழுந்ததை ஏந்த அடுத்த சல்லடை இல்லை. நின்றதன் ஒளியைப் பார்க்கக் கண்ணும் இல்லை.

தேர்வு வேண்டா என்பது எம் கருத்தன்று. சலிக்காத மாவில் கல்லும் இருக்கும். ஆயினும் ஒரு சல்லடையின் தீர்ப்பை முழுத்தீர்ப்பாகக் கொள்வது முத்து வாணிகர் செய்யாத பிழை. எழுத்தில் தடுமாறும் மாணவன் பேச்சில் சிறப்பான். இரண்டிலும் பின்தங்குபவன் நாட்டார் வழக்குகளைத் திரட்டுவதில் எம்மையும் விஞ்சுவான்.

மார்க்கக் கல்வியில் சலித்தல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்வாழ்வு பற்றிய செய்தி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் அபூ ஹாஸிம் என்பார், அக்காலத்தில் சல்லடைகள் இருந்தனவா என வினவுகிறார். இறைத்தூதராக அனுப்பப்பட்ட நாள்முதல் மறையும்வரை நபியவர்கள் சல்லடையைக் கண்டதே இல்லை என்பது விடை. பின் வாற்கோதுமையை எவ்வாறு உண்டீர்கள் என்பது அடுத்த வினா. அரைப்போம், ஊதுவோம், பறப்பது பறந்துவிடும், எஞ்சியதை நனைத்து உண்போம் என்ற பொருளில் தோழர் விளக்குகிறார்.

எளிமைக்குச் சான்றாகவே இச்செய்தியைப் பெரியோர் எடுத்துரைப்பர். நாம் மேலும் ஒன்று காணலாம். உமி மட்டும் பறந்தது, தவிடு தங்கிற்று. நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் மிகுந்திருப்பது தவிட்டில் என்று இன்றைய உணவியலார் கூறுவர். மிகுதியாகச் சலித்த வெண்மாவு கண்ணுக்கு அழகு; உடலுக்கு அது குறை. சலித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு.

உணவில் சல்லடை காணாத அந்தச் சமுதாயமே அறிவுத் துறையில் நுண்மையான சல்லடை ஒன்றைப் பின்னாளில் அமைத்தது. அதுவே ஹதீஸ் கலை. கி.பி. 810 முதல் 870 வரை வாழ்ந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், ஏறத்தாழ ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தம் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மரபு. அத்தொகுப்பில் மீள வருவனவும் சேர்த்து ஏழாயிரத்துக்குச் சற்று மேற்பட்டனவே உள்ளன. செய்தி எவர் வாயிலாக வந்தது, அவர் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது, அவர் தமக்கு அறிவித்தவரை உண்மையிலேயே சந்தித்தவரா என இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் தொடரின் ஒவ்வொரு கண்ணியும் ஆராயப்பட்டது.

இக்கலையிலும் சல்லடை ஒன்றல்ல. ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் எனத் தரங்கள் பல. வலுவற்றது எனக் கண்ட செய்தியையும் அறிஞர்கள் இன்ன காரணத்தால் வலுவற்றது என்று குறித்து வைத்தனர். தரத்தை மறைப்பது பொய். தரம் குறைந்ததை அழிப்பது இழப்பு. இரண்டையும் தவிர்த்த நடுவழி அது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிய உ.வே. சாமிநாதையர் முதலியோரின் பதிப்பு நெறியும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. அவரும் ஏடு தேடி நம் ஆற்றங்கரையின் கவிராயர் வீடுகளுக்கு வந்தவரே.

ஆற்றின் சல்லடை

ஊரையே காக்கும் சல்லடை ஒன்றும் நம்மிடம் உண்டு. அது பொருநையின் மணற்படுகை. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடல் சேரும் இவ்வாற்றின் படுகையில் அமைத்த உறைகிணறுகளிலிருந்து நெல்லை, தூத்துக்குடிப் பகுதி ஊர்கள் பலவும் குடிநீர் பெறுகின்றன. மேலே கலங்கி ஓடும் நீர் மணலினூடே இறங்கித் தெளிந்து கிணற்றில் ஊறுகிறது. ‘தெள்ளிய நீர்’ என்பது இங்கு உவமையன்று, நடைமுறை.

அச்சல்லடையையே அள்ளி விற்கும் நிலை வந்தபோது, திருவைகுண்டத்துக்காரரான முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு 2010-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்துத் தாமே வாதாடினார். பொருநையில் மணல் அள்ளத் தடை பிறந்தது. மணலைச் சலித்து வீடு கட்டுவோம். அந்த மணலே நம் நீரைச் சலித்துத் தருகிறது என்பதை மறந்தால், வீடு இருக்கும், குடிக்க நீர் இராது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் தெளிவன இவை. சல்லடைக்கு நன்மை தீமை தெரியாது. அளவு மட்டுமே தெரியும். விழுவது வேண்டுமா, நிற்பது வேண்டுமா என்பதை முடிவு செய்வது கை. நல்ல கை, நின்ற கப்பியை மீண்டும் இடிக்கும். விழுந்த நொய்யையும் கஞ்சியாக்கும். ஒரு சல்லடையில் நழுவியதை மற்றொன்றில் ஏந்தும். அதன் பின்னும் கண்ணால் ஒருமுறை பார்க்கும்.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். யாரேனும் உங்களைப் பன்னாடை என்றால் வருந்தற்க. எதை நிறுத்துகிறோம், எதைப் பிறர்க்குத் தருகிறோம் என்று மட்டும் எண்ணிப் பார்க்க. உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று உண்டு. விடைத்தாள் கட்டை அவிழ்க்கும்போது, கொற்கைத் துறையில் ஒரு பிடி முத்தின் முன்னே பத்துச் சல்லடையோடு அமர்ந்திருந்த அவ்வாணிகரை ஒரு கணம் நினைவு கொள்க.

தேரிக்காட்டு மாணவன் பின்னர்ப் பட்டம் பெற்றான். இன்று அவனும் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். நன்னூல் பாயிரத்தை அவன் எவ்வாறு நடத்துகிறான் என்று ஒருநாள் சென்று கேட்க வேண்டும் என்பது எம் அவா.